தணிகையில் ஒரு பகல் நடை

வடதுருவத்துக்கு அண்டைய தேசங்களுக்கு உல்லாசக் கப்பலில் போய் வருவது நம்மவர்களுக்குள்ளும் இப்போது சகஜமாகி வருகிறது. அப்படிப் போய் வந்த அன்பர்கள் நார்வே தேசத்துப் பெர்கன் துறைமுகத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு தனிக் களை தோன்றுவதைக் கண்டிருக்கிறோம். காலையில் கப்பல் கரை சேருகிறது. மாலையில் சங்கு ஊதுகிறது. இடையிலுள்ள ஏழெட்டு மணி நேரத்தில் ஊரைக் கால்நடையாகவே பார்த்து முடிக்க வேண்டும். நம் திருவேங்கடத்தைப் போலவே பெர்கனுக்கும் ஏழு மலைகள் உண்டு என்பது அவ்வூரார் பெருமை. கடற்கரையை ஒட்டி வரிசையாகச் சாய்ந்து நிற்கும் பழைய வர்த்தகர்களின் மர வீடுகள், 1702-இல் தீயில் வெந்துபோன பிறகு பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டப்பட்டவை. 1979-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டவை. ஊரை அடுத்துள்ள மலைமீது ஏற 1918-ஆம் வருஷத்திலிருந்து ஒரு கம்பி ரயில் இருக்கிறது. ஆயினும் ஆயிரம் அடிக்கு மேற்பட்ட அந்த உயரத்தை நடந்தே ஏறுகிறவர்கள் அநேகர். சங்கீத மேதை எட்வர்ட் கிரீக் 1843-இல் பிறந்தது அந்த ஊரில்தான். கப்பல் ஜனங்கள் பெருகிப்போய், நாளொன்றுக்கு 8,000 பேருக்கு மேல் வரக்கூடாது என்று நகரசபையார் வரம்பு கட்ட நேர்ந்ததென்றால், நடந்து பார்ப்பதில் வெள்ளைக்காரர்களுக்கு உள்ள ஆசையை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இவ்வளவையும் சுவைபடச் சொல்லிக்கொண்டிருந்த ஓர் அன்பரை, "திருத்தணிகைக்குப் போயிருக்கிறீர்களோ?" என்று கேட்டோம்.

"போகாமல் என்ன? திருப்பதிக்குப் போகும் வழிதானே! மோட்டாரில் நேரே மலைமேலே போய், தரிசனம் செய்துகொண்டு, ஒரு மணி நேரத்தில் கீழே இறங்கிவிட்டோம்" என்றார்.

"ஊர் எப்படி இருக்கிறது?"

"ஊரா? அங்கே ஊர் ஒன்று இருக்கிறதா என்ன?"

பெர்கன் பட்டணத்தின் சந்து பொந்துகளையெல்லாம் கால் வலிக்கச் சுற்றி வந்தவர் இவர். சென்னையிலிருந்து ஐம்பத்து மூன்று மைல் தொலைவில் உள்ள ஊர் இவர் கண்ணில் படவில்லை. இதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. மலைக்கு மோட்டார்ச் சாலை போட்ட நாளிலிருந்து, திருத்தணிகைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஊரை மேலேயிருந்து பார்த்ததோடு சரி. ஆகையால் ஒரு பகல் முழுவதும் தணிகையைக் கப்பல் பிரயாணிகளைப் போலக் காலாலேயே பார்ப்பது என்று தீர்மானித்தோம். கப்பலுக்குப் பதில் சென்னை சென்டிரலிலிருந்து புறப்படும் மின்சார ரயில். சங்குக்குப் பதில் மாலை வண்டியின் ஊதல்.

அரக்கோணம் வரையில் வண்டி செல்லும் தடம் தென்னிந்தியாவிலேயே முதன்முதல் போட்ட தடம். 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா வரையில் முதல் வண்டி ஓடிற்று. அரக்கோணத்தில் பம்பாய்த் தடம் வடக்கே பிரிகிறது. பிரிந்து எட்டு மைல் போனால் திருத்தணி. வயலும் கரும்புமாக இருக்கும் சமவெளியிலிருந்து திடீரென்று குன்றுகள் முளைக்கின்றன. தணிகை மலைக்கு இருபுறமும் மலைத்தொடர்கள் நிற்கின்றன. வடபுறத்தது சற்று வெளுத்துத் தோன்றும்; அதற்குப் பச்சரிசி மலை என்று பெயர். தென்புறத்தது கறுத்திருக்கும், அது பிண்ணாக்கு மலை. பெயர் வைத்தவர்கள் சமையற்கட்டையும் மாட்டுக் கொட்டகையையும் மறவாத நல்ல சம்சாரிகள் என்பதில் சந்தேகமில்லை.

மாசி மாதத்திலேயே வெயில் காலை எட்டு மணிக்குக் கண்ணைக் கூசிற்று. பத்திரிகை படிக்கும் வழக்கமுள்ளவர்களுக்குத் திருத்தணி வேறொரு விதத்திலும் பிரசித்தமான ஊர். சித்திரை, வைகாசி மாதங்களில் தமிழ் நாட்டில் வெயில் அதிகம் கொளுத்திய இடங்களின் ஜாபிதாவில் இதன் பெயர் அடிக்கடி வரும். சூரபன்மனோடும் பிறகு வேடர்களோடும் போர் செய்த முருகன் கோபம் தணிந்து அமர்ந்த இடமாகையால் இதற்குத் தணிகை என்று பெயர் வந்ததாகப் புராணம் சொல்கிறது. செருத்தணி என்பதும் பழம் பெயர். செரு என்றால் போர். முருகனுடைய சினம் தணிந்தது வாஸ்தவம். சூரிய பகவானுடைய சினம் மட்டும் தணிந்தபாடில்லை.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "மலைக்கு அஞ்சே நிமிஷம், சார்!" என்றார் ஒருவர். நடந்து போகப் போகிறோம் என்றதும் அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "வேண்டுதலா?" என்று அநுதாபத்தோடு கேட்டார். வேண்டுதல் இல்லாமலும் ஒருவன் நடக்கக் கூடும் என்பதை அவருக்கு விளக்க நாம் முயலவில்லை.

கடைத் தெருவில் நடந்தால் இது எல்லைப்புறத்து ஊர் என்பது காதிலேயே தெரிகிறது. தெருமுனையில் பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நம்மைப் பார்த்து, "வாங்க சாமி, கதம்பம் வாங்கிக்கிட்டுப் போங்க" என்றாள். நமக்குப் பின்னால் நகரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்து அதே மூச்சில், "ரண்டம்மா, பூலு தீஸ்கோண்டி" என்றாள். எது அவளுடைய தாய்மொழி என்று கண்டுபிடிக்க நாம் செய்த முயற்சி பலிக்கவில்லை. கேட்டதற்கு, "ரெண்டுந்தான் சாமி. வீட்ல சண்டை போடறது தெலுங்கு, சாமி கும்பிடறது தமிழு" என்று சொல்லிச் சிரித்தாள். பாஷை வல்லுநர்கள் இதை ஆராய்ந்து பார்க்கலாம்.

இந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. மலைக்குக் காரில் போய் வருகிறவர்களில் எத்தனை பேர் இதை நினைக்கிறார்களோ தெரியாது. பழைய நாளில் திருத்தணிப் பிரதேசம் கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்திருந்தது. வட ஆர்க்காடு ஜில்லாவுக்கு உட்பட்டது. 1911-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் சித்தூர் ஜில்லாவை வெள்ளைக்காரர்கள் புதிதாக உண்டாக்கினபோது திருத்தணி அதில் சேர்க்கப்பட்டது. சென்னை ராஜதானி ஒன்றாக இருந்த வரையில் எந்த ஜில்லாவில் இருந்தால் என்ன என்று ஜனங்கள் இருந்தார்கள். ஆனால் 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து உயிர் துறந்தார். 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தது. சித்தூர் ஜில்லா அப்படியே ஆந்திரத்துக்குப் போயிற்று. அதோடு முருகனுடைய படைவீடு ஒன்றும் போய்விட்டது!

தொல்காப்பியத்துப் பாயிரம் தமிழ் நாட்டுக்கு வட எல்லையாக வேங்கடத்தைச் சொல்கிறது. வேங்கடத்துக்கு இப்பால் உள்ள தணிகையே கைவிட்டுப் போனால் தமிழர் மனம் எப்படிப் பொறுக்கும்? தமிழரசுக் கழகத்தை 1946-இல் நிறுவிய ம.பொ. சிவஞானம் வடக்கெல்லைக் கிளர்ச்சியைத் தொடங்கினார். திருத்தணியிலேயே வக்கீலாக இருந்த விநாயகம் அவருக்கு வலக்கையாக நின்றார். ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்பே, கூட்டம் கூட்டாமலும் கொடி பிடிக்காமலும் ஒருவர் இங்கே வேலை செய்திருந்தார். குருவராஜப்பேட்டை மங்கலங்கிழார் என்னும் தமிழாசிரியர் அவர். கிராமம் கிராமமாகப் போய், எழுதப் படிக்கத் தமிழ் கிடைக்காத பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தார். எல்லைப் போராட்டம் நடத்துவதற்கு எல்லையில் தமிழ் படித்தவர்கள் இருக்க வேண்டுமல்லவா? அவர்களை உண்டாக்கினவர் இவர். 1953-இல் அவர் காலமானார். தாம் தமிழ் சொல்லிக் கொடுத்த ஊர்கள் தமிழ் நாட்டில் சேருவதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

கிளர்ச்சி நடந்தது, மறியல் நடந்தது, சிறை நிரம்பிற்று. பிறகு இரு ராஜ்ய சர்க்கார்களும் ஒப்புக்கொண்டு பட்டாஸ்கரை மத்தியஸ்தராக வைத்தார்கள். அவருடைய தீர்ப்பை ஒட்டி 1959-இல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. 1960-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி தமிழ் நாட்டுக்குத் திரும்பிற்று. அதற்கு ஈடாகச் செங்கற்பட்டு, சேலம் ஜில்லாக்களிலிருந்து சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. முதலில் செங்கற்பட்டிலும், 1997 முதல் திருவள்ளூர் ஜில்லாவிலுமாகத் திருத்தணி இருந்து வருகிறது. நகரியும் புத்தூரும் அங்கே. தணிகையும் பள்ளிப்பட்டும் இங்கே. பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் போல இரண்டு ராஜ்யங்களும் நடுவில் ஒரு சுவரை வைத்துக்கொண்டார்கள். பூக்கார அம்மாள் அந்தச் சுவரை லட்சியம் செய்யாமல் இரண்டு பக்கமும் வியாபாரம் செய்கிறாள்.

இந்த ஊரில் 1888-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த குழந்தைதான் பிற்காலத்தில் பாரத நாட்டின் குடியரசுத் தலைவரான ஸர்வபள்ளி ராதாகிருஷ்ணன். ஆரம்பப் படிப்பு இங்கேதான். பிறகு திருப்பதி, வேலூர், சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலை என்று படிப்பு அவரை வெளியே இழுத்துக்கொண்டு போயிற்று. ஆக்ஸ்போர்டு வரையில் கொண்டுபோய் விட்டது. அவருடைய பிறந்த தினத்தை 1962 முதல் தேசமெங்கும் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். தத்துவ ஞானத்தை இங்கிலீஷில் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர், இரண்டு பாஷை பேசும் தெருவில் ஓடி விளையாடியவர் என்பது நமக்குப் பொருத்தமாகவே படுகிறது. ஒன்றை இன்னொன்றாகச் சொல்லிப் பழகுவதற்கு எல்லைப்புறத்தை விட நல்ல பள்ளிக்கூடம் எது?

அடிவாரத்தை நெருங்கியதும் சரவணப் பொய்கை. ஆடிக் கிருத்திகையின்போது இங்கே தெப்பம் நடக்கும். அந்த நாட்களில் காவடிகளைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியாது. பூவாலேயே செய்த காவடிகள் தோளில் ஆட, மஞ்சள் ஆடைகளுடன் லக்ஷக்கணக்கான ஜனங்கள் "அரோகரா" என்று சொல்லிக்கொண்டு ஏறுவார்கள். நாம் போன தினம் சாதாரண தினம். பொய்கைக் கரையில் மொட்டை அடித்துக்கொண்ட ஒரு சிறு பையன் தன் தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாள் தலைமேல் இருந்தது எங்கே போயிற்று என்ற ஆச்சரியம் அவன் கண்ணில் இருந்தது.

இனிப் படிகள். மொத்தம் 365. வருஷத்தின் நாள் ஒன்றுக்குப் படி ஒன்று. முதற் படியிலிருந்து மஞ்சளும் குங்குமமும் தடவியிருக்கின்றன. படிதோறும் கற்பூரம் ஏற்றிக்கொண்டே போகும் பெண்டிர் இருவர் நமக்கு முன்னால் போனார்கள். நமக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்துச் சிறுமி தன் தாத்தாவிடம் கேட்டாள்:

"தாத்தா, லீப் வருஷத்துக்கு ஒரு படி குறையுதே?"

தாத்தா மூச்சு வாங்க நின்றார். நின்றதற்கு அந்தக் கேள்வி ஒரு நல்ல சாக்காயிற்று. "அந்த ஒண்ணை முருகன் கீழே இறங்கி வந்து ஏறிக்குவாரு, கண்ணு" என்றார்.

இப்படிகளுக்கு ஒரு தேசிய சரித்திரம் உண்டு. மைசூர் அரண்மனைச் சமையற்கட்டில் வேலை பார்த்த அர்த்தநாரி என்பவர் திருப்புகழில் ஈடுபட்டுத் துறவியானார். பிறகு வள்ளிமலைச் சுவாமிகள் என்று கியாதி பெற்றார். அந்தக் காலத்தில் ஜனவரி மாதம் 1-ஆம் தேதி வந்துவிட்டால் நம்மவர்கள் எலுமிச்சம் பழமும் மாலையுமாக வெள்ளைக்காரத் துரைகளின் பங்களா வாசலில் போய் நிற்பது வழக்கம். குமாஸ்தாக்கள், மிராசுதார்கள், ராவ்பகதூர் பட்டத்துக்குக் காத்திருக்கிறவர்கள் எல்லாரும் போவார்கள். சுவாமிகள் பார்த்தார். துரையைத்தான் பார்க்க வேண்டுமென்றால் முதலில் தணிகைத் துரையைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று சொல்லி, டிசம்பர் 31-ஆம் தேதி இரவு அன்பர்களைத் திரட்டிக்கொண்டு, படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு இந்த மலை ஏறினார் என்று சொல்வார்கள். நடு இரவுக்கு மேலே போய்ச் சேரும்போது புது வருஷம் பிறந்திருக்கும். முதல் வணக்கம் முருகனுக்கு. வெள்ளைக்காரத் துரைகள் 1947-இல் போய்விட்டார்கள். சுவாமிகளும் 1950-இல் மறைந்தார். படி விழா மட்டும் வருஷந்தோறும் நடந்து வருகிறது. ஒரு வசைச்சொல் இல்லை, ஊர்வலம் இல்லை, தடியடியும் இல்லை. துரையின் பங்களா வாசலில் கூட்டம் குறைய இதைவிடச் சாதுவான ஒரு வழியை வேறு யாரும் கண்டுபிடித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

அந்தத் திருப்புகழ் நமக்குக் கிடைத்ததும் ஒரு மனிதருடைய கால்நடையால்தான். பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் பாடிய பாடல்கள் பல இடங்களில் ஏட்டுச் சுவடிகளாகச் சிதறிக் கிடந்தன. முன்சீப்பாக உத்தியோகம் பார்த்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை அவற்றைத் தேடித் திரட்டி, 1894-இல் முதற் பாகத்தை அச்சேற்றினார். அவருடைய குமாரர் செங்கல்வராய பிள்ளைக்குத் 'தணிகைமணி' என்றே பட்டம். கோர்ட்டுக் கட்டுகளுக்கு நடுவே சுவடி தேடின அந்தத் தகப்பனாரை நினைத்துக்கொண்டு நாம் இருநூறாவது படியில் சற்று உட்கார்ந்தோம். நினைத்துக்கொண்டது அவரை, உட்கார்ந்தது முழங்காலுக்காக.

மலைமேல் சந்நிதியைப் பற்றி நாம் விரிவாக எழுதப் போவதில்லை. நேயர்கள் பலமுறை தரிசித்திருப்பார்கள். ஆனால் அவசரத்தில் கவனிக்காமல் விட்டிருக்கக் கூடிய இரண்டு மூன்று விஷயங்களைச் சொல்லலாம். முருகன் சந்நிதியில் மயிலைத்தான் எதிர்பார்ப்போம். இங்கே யானை நிற்கிறது. தேவயானையை மணம் செய்து கொடுத்தபோது இந்திரன் சீதனமாகக் கொடுத்த ஐராவதம் என்பது ஐதிகம். அவன் கொடுத்ததாகச் சொல்லப்படும் கல்லில்தான் சந்தனம் அரைக்கிறார்கள். அந்தச் சந்தனத்தை மருந்தாகக் கருதி ஜனங்கள் வாங்கிப் போகிறார்கள். கந்தசஷ்டியின்போது மற்ற முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் அமர்க்களப்படும். தணிகையில் அது கிடையாது. கோபம் தணிந்த இடத்தில் போர் நடத்துவது பொருந்துமா? அன்றைக்கு இங்கே புஷ்பாஞ்சலிதான். கூடை கூடையாகப் பூக்களைக் கொட்டுவார்கள். பகைவனைக் கொன்ற வெற்றியை எல்லா ஊர்களும் கொண்டாடும். கோபம் போனதைக் கொண்டாடுகிற ஊர் இது ஒன்றே என்று நினைக்கிறோம்.

பிராகாரத்தில் நிழலுள்ள ஓர் இடத்தில் உட்கார்ந்து முத்துஸ்வாமி தீக்ஷிதரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். 1775-இல் திருவாரூரில் பிறந்த அவர் காசியில் குருவிடம் சில வருஷங்கள் இருந்துவிட்டுத் திரும்பித் தணிகைக்கு வந்தார். தியானத்தில் இருந்தபோது ஒரு கிழவர் எதிரே வந்து, வாயைத் திறக்கச் சொல்லி, கற்கண்டைப் போட்டுவிட்டு மறைந்தார் என்பது சங்கீத உலகத்தில் எல்லாரும் அறிந்த கதை. அந்த இனிப்பு வாயில் இருக்கும்போதே மாயாமாளவகௌளையில் 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்னும் கிருதி பிறந்தது. அதிலிருந்து 'குருகுஹ' என்பதே அவருடைய முத்திரையாயிற்று. மாயாமாளவகௌளைதான் நம் வீட்டுக் குழந்தைகள் ஸரளி வரிசையைத் தொடங்கும் ராகம் என்பது நேயர்களுக்குத் தெரியும். தீக்ஷிதர் பிறந்தது தமிழ் நாட்டில், பாடியது ஸம்ஸ்கிருதத்தில், அவருடைய கிருதிகளை ஸுப்பராம தீக்ஷிதர் 1904-இல் எட்டயபுரத்தில் ஸ்வரப்படுத்தி அச்சிட்டது தெலுங்கில். எல்லை கட்டுகிற உத்தியோகஸ்தர்களிடம் தீக்ஷிதரை ஒப்படைத்திருந்தால் எந்தப் பக்கம் சேர்ப்பது என்று திணறியிருப்பார்கள்.

பெர்கன் ஊரார் தங்கள் கிரீக் வாழ்ந்த வீட்டை அப்படியே காப்பாற்றிப் பிரயாணிகளுக்குக் காட்டுகிறார்கள். நம்மிடம் கற்கண்டும் ஒரு ராகமும் இருக்கின்றன. வருகிறவர்களுக்கு அதைச் சொல்வார் இருந்தால் போதும். இராமலிங்க அடிகளுடைய சங்கதி வேறு. சென்னை ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெரு வீட்டில், ஒன்பது வயதில், சுவரில் மாட்டின கண்ணாடியில் தணிகை முருகனை அவர் கண்டார் என்பது வரலாறு. அவருக்கு மலை ஏறுகிற சிரமம் இல்லாமலே காரியம் முடிந்துவிட்டது. நமக்கு 365 படிகள் வேண்டியிருந்தன.

நடுப்பகலில் இறங்கினோம். படிகளின் சூட்டைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. சொல்வதற்கு நின்றால் உள்ளங்கால் பொறுக்காது. ஊரில் ஒரு போஜன விடுதியில் சாப்பிட்டு, நீர் மோர் குடித்து, இரண்டரை மணி வரையில் இளைப்பாறினோம்.

மாலையில் நாம் போன இடத்துக்காகத்தான் முக்கியமாக இக்கட்டுரையை எழுதுகிறோம். ஊருக்கு வெளியே நந்தியாற்றங்கரையில் வீரட்டானேசுவரர் கோயில் என்று ஒன்று இருக்கிறது. வழி கேட்ட நால்வரில் மூவர் "மலைக்கா?" என்று திருப்பிக் கேட்டார்கள். நாலாமவர் மாடு மேய்க்கும் கிழவர்; அவர் மட்டும் கோலை நீட்டிக் காட்டினார்.

சிறிய கோயில். கர்ப்பக்கிருகத்தின் பின்புறம் சதுரமாக இல்லாமல் வளைந்திருக்கிறது. படுத்திருக்கும் யானையைப் பின்னாலிருந்து பார்ப்பது போல் தோன்றும். தூங்கானை மாடம் என்று பழந்தமிழர் இதற்கு எவ்வளவு அழகாகப் பெயர் வைத்தார்கள்! வடமொழியில் கஜபிருஷ்டம் என்பார்கள். அடியிலிருந்து உச்சி வரையில் கல்லால் ஆனது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அபராஜித வர்மன் என்ற பல்லவ அரசன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் இதைக் கருங்கல்லால் கட்டினார். இங்கே உள்ள கல்வெட்டில் அவர் கட்டின செய்தி ஒரு வெண்பாவில் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வெண்பாவைப் பாடினது யார்? அரசரே பாடினார் என்று கல்வெட்டிலேயே எழுதியிருக்கிறது!

இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒரு குடிமகன் கோயில் கட்டுகிறான். அரசன் தன் பெயரைப் பெரிதாகப் பொறிக்கச் சொல்லவில்லை. நம்பி அப்பியைப் பற்றித் தானே உட்கார்ந்து தளை தட்டாமல் ஒரு வெண்பா எழுதிக் கொடுக்கிறான். வெண்பா எழுதுவது எவ்வளவு கடினம் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதுவும் அபராஜிதன் கவலையற்ற காலத்தில் இருந்தவன் அல்ல. திருப்புறம்பியத்துப் பெரும் போரில் பாண்டியனை முறியடித்தவன்; அந்தப் போரில் தனக்குத் துணை நின்ற சோழ வம்சத்தாலேயே பின்னர் அழிந்தவன். முதல் ஆதித்த சோழன் தொண்டை மண்டலத்தின்மீது படையெடுத்து அவனைக் கொன்றான். காஞ்சியில் பல நூற்றாண்டுகள் ஆண்ட வம்சம் அதோடு முடிந்தது. அபராஜிதன் என்றால் வெல்லப்படாதவன் என்று பொருள். பெயர் பொய்த்துப் போயிற்று, வெண்பா நிற்கிறது.

கதை இதோடு முடியவில்லை. திருத்தணிக்கு அருகிலுள்ள வேலஞ்சேரி என்ற கிராமத்தில் 1977-ஆம் வருஷம் பூமிக்கடியிலிருந்து இரண்டு தொகுதிச் செப்பேடுகள் கிடைத்தன. ஒன்று அபராஜிதனுடையது, தணிகைச் சுப்பிரமணியர் கோயிலுக்கு நிலம் விட்ட சாஸனம். மலைமேல் முருகன் கோயில் ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்பே ராஜாக்கள் மானியம் விடும்படியான நிலையில் இருந்தது என்பதற்கு அது அத்தாட்சி. மற்றொன்று யாருடையது என்று நினைக்கிறீர்கள்? அபராஜிதனைக் கொன்ற ஆதித்தனுடைய குமாரன் முதற் பராந்தகனுடையது! தோற்ற அரசனுடைய ஏடும், வென்றவனுடைய மகன் விட்ட ஏடும் ஒரே மண்ணில் ஒன்றாகப் புதைந்து கிடந்து ஒன்றாகவே வெளிவந்தன. சண்டை போட்டவர்கள் மறைந்த பிறகு ஊரார் இரண்டையும் சேர்த்தே பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். தணிகை ஜனங்களுக்கு எல்லைச் சண்டை புதிதல்ல என்பதும் தெரிகிறது. சண்டைக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதும் அவர்களுக்கு நெடுநாளாகப் பழக்கம் போலும்.

அந்தக் கோயிலில் நாம் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் வேறு யாத்திரிகர் ஒருவர்கூட வரவில்லை. மலைமேல் அதே சமயம் கார்கள் நிற்க இடமில்லாமல் திணறிக்கொண்டிருந்தன. அங்கிருந்து இங்கே வர மோட்டாரில் சில நிமிஷங்களே ஆகும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சுற்றுலா என்று நெடுந்தூரம் அழைத்துப் போகிறோம். பல்லவ அரசன் சொந்தமாக எழுதின ஒரு பாட்டைக் கல்லில் பார்க்கலாம் என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? மலை ஏறுகிற நூறு பேரில் ஐந்து பேர் இங்கே வந்தால் போதும். எண்ணெய்க்கும் ஒளி கிடைக்கும்; கல்லில் சாய்ந்து பீடி பற்றவைப்பவர்களுக்கும் கொஞ்சம் கூச்சம் வரும். ஊர்ப் பெரியவர்கள் மனம் வைத்து ஸ்டேஷன் வாசலில் ஒரு பலகை நட்டு, "வீரட்டானேசுவரர் கோயில் - நடந்து போக வழி" என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைக்கலாம். அந்த ஆட்டோக்காரருக்கும் புதிதாக ஒரு சவாரி கிடைக்கும். நமக்கு ஆக்ஷேபம் இல்லை.

நந்தியாற்றில் அப்போது தண்ணீர் இல்லை. மழைக்காலத்தில் ஓடும்போது அது கொசஸ்தலையாற்றில் கலக்கிறது. கொசஸ்தலையின் தண்ணீர் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. தீரர் சத்தியமூர்த்தி சென்னை மேயராக இருந்தபோது போராடி வாங்கின திட்டம் அது. 1944-இல் முடிந்து அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆகச் சென்னையில் நாம் குழாயைத் திறந்து குடிக்கும் தண்ணீரில் தணிகையின் மழையும் ஒரு பங்கு.

மாடு மேய்க்கும் கிழவர் மாடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி வந்தார். "கோயிலைப் பாத்தீங்களா சாமி?" என்று கேட்டார். பார்த்தோம் என்றோம். "அந்த வளைஞ்ச சொவரு பக்கம் மத்தியானத்துல நெழலு நல்லா இருக்கும், அடுத்த தபா மத்தியானமே வாங்க" என்று சொல்லிவிட்டு, ஆற்றில் இறங்கி அக்கரை ஏறிப் போனார். வண்டிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. ஸ்டேஷனுக்கு நடந்தே போனோம்.